கதவைச் சாத்திட்டு வாங்க, தூசி வருது

கண்ணாடிக் கடைக்குள் வருகிறவர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வருவது லிஃப்டக்காவுக்கு ஆகவே ஆகாது. ரோட்டைப் பார்த்த கடை அது. பஸ் ஒன்று போனால் போதும், அதன் பின்னாலேயே புழுதியும் படியேறி வந்துவிடும். தேய்த்து எடுத்த லென்ஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத மணல் ஒன்று உட்கார்ந்து, அது தெரியாமல் துணியால் துடைத்துவிட்டால் கீறல்தான். அப்புறம் அந்த லென்ஸ் எந்தக் கண்ணுக்கும் உதவாது. அதனால் வாசல் மணி கிணுங்கியதும் தலையைக்கூடத் தூக்காமல், "கதவைச் சாத்திட்டு வாங்க, தூசி வருது" என்பாள். அதில் அதட்டலும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. கேட்டவர் கை தானாகப் பின்னால் போய்க் கதவைத் தள்ளும். "கண்ணாடிய விட இதத்தான் இந்தக் கடையில அதிகமா குடுத்திருக்கோம்" என்று அவள் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

லிஃப்டக்கா என்ற பெயர் கல்யாணத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டது. அப்போது அவள் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உயிர் போகிற மாதிரி கத்துவார்கள். இவள் "சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றதும் மூச்சு ஒரு நிலைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேருகிறவரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பாள். இதைக் கவனித்த மேலாளர் ஒருநாள் அவளை ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் "முதல் மாடி", "இரண்டாம் மாடி", "கதவுகள் மூடுகின்றன" என்று வரிசையாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்துகொண்டார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவள் படிக்கவில்லை. ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நகரத்தில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றி இறக்கியது அவள் குரல்தான். அவள் மகள் சின்னவளாக இருந்தபோது ஆஸ்பத்திரி லிஃப்டில் அந்தக் குரலைக் கேட்டு, அம்மாவின் முகத்தையும் மேலே இருந்த ஸ்பீக்கர் ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ எப்படிம்மா அதுக்குள்ள போன?" என்று கேட்டாள். வீட்டில் அந்தக் கேள்வி வெகுநாள் பேச்சாக இருந்தது.

அந்த மகளை மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அது பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை, அக்கம்பக்கத்துக்குத் தெரிந்த பெயரும் இல்லை. வாசற்படிக்கு உள்ளே மட்டும் புழங்கிய பெயர்.

மைனா நர்ஸ் படிப்பு முடித்து வெளிநாட்டுக்குப் போன சமயத்தில்தான் லிஃப்டக்காவுக்குத் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே இருந்தது. கஷாயமும் மாத்திரையும் பார்த்து, கடைசியில் பெரிய டாக்டரிடம் போனபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் புற்று, அதை எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றார். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த தொண்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான், அந்தக் கரகரத்த குரலில், தேதி கேட்டாள்.

அன்று சாயங்காலமே தம்பி வந்துவிட்டான். லிஃப்டக்காவுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவான். மனசெல்லாம் ரீமிக்ஸில். பழைய பாட்டின் ஒரு மூச்சு, இரும்புக் கேட்டின் கிறீச், தையல் மெஷினின் ஓட்டம், எதைக் கேட்டாலும் அதை எடுத்து இன்னொன்றோடு பொருத்திப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. "மாப்ள முழுத்துணி வாங்கவே மாட்டாரு, எல்லாம் வெட்டுத்துணிதான்" என்று அக்கா வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவனும் சிரித்துக்கொள்வான். ஆனால் அன்றைக்கு அந்தத் தொழில்தான் கைகொடுத்தது. மருந்தும் ஓய்வுமாகத் தொண்டை கொஞ்சம் தெளிந்திருந்த நாட்களில், படுக்கையறையில் இரண்டு பீரோவுக்கு நடுவே மெத்தைகளை நிறுத்திவைத்து, ஃபேனை அணைத்து, மைக்கை அவள் வாய்க்கு நேராக வைத்தான்.

இனி அவளுக்கு என்னென்ன பேச்சு வேண்டியிருக்கும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தது ஒரு விநோதமான வேலை. பசிக்குது, வலிக்குது, போதும், வேணாம், என்ன சாப்டாச்சா, நான் வரேன். கடைக்கு வேண்டியது தனியாக. "என்னத் திட்டறதையும் சேர்த்துக்கோ, இல்லன்னா வீடு வீடா இருக்காது" என்றார் வீட்டுக்காரர். அதனால் "உங்களுக்கு அறிவிருக்கா?" என்பதையும் சிரிப்போடு சொல்லிவைத்தாள். தம்பி வேலையில் கறார். மூச்சு கேட்டாலும், எச்சில் விழுங்கியது கேட்டாலும், "திரும்பச் சொல்லுக்கா" என்பான். கடைசியில் மைனா. கூப்பிடுகிற மைனா, கடிந்துகொள்கிற மைனா, எங்கே போனாய் என்று தேடுகிற மைனா. ஒன்றுமே இல்லாமல் சும்மா சொல்கிற மைனா ஒன்றும் இருந்தது. அதைச் சொன்னபோது அவள் குரல் ரொம்பத் தணிந்துவிட்டது. தம்பி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அதை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் ஒரு துளையும் அதன்மேல் ஒரு துணியும் வந்தன. கையில் போன் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போனில் ஒரு பட்டன் வைத்திருந்தான் தம்பி. வாசல் மணி கிணுங்கினால் அவள் கட்டைவிரல் அசையும், "கதவைச் சாத்திட்டு வாங்க, தூசி வருது" என்று அவள் குரலே சொல்லும். பட்டனில் இல்லாததைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக்காட்டுவாள். அவசரமென்றால் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகக் குச்சியால் தொட்டு வீட்டுக்காரரைத் திட்டுவாள். அவர், "பாருங்க, எனக்கு மட்டும் தினமும் டெஸ்ட் நடக்குது" என்பார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கடை காற்றாடும். அப்போது மகளுக்கு ஒரு வீடியோ எடுப்பாள். "என்ன, சாப்டாச்சா?" என்று தொடங்கும். கடையைச் சுற்றிக் காட்டுவாள், புது ஃப்ரேமைப் போட்டுக்காட்டுவாள், பலகையில் எழுதுவாள், நடுவில் ஆள் வந்தால் கதவைச் சாத்தச் சொல்வாள். தம்பி அதற்கென்று ஒரு சேனல் தொடங்கிக் கொடுத்திருந்தான். வேறு யாருக்கும் தெரியாது. மைனா அங்கே ஆஸ்பத்திரியில் டியூட்டிக்கு நடுவே, துணிமாற்றும் அறையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது தம்பி ஒரு மத்தியானம் லேப்டாப்போடு வந்தான். கடையின் லென்ஸ் மெஷின் முனகுவது, லிஃப்டின் டிங், அதற்கு மேல் அக்காவின் "தூசி வருது" ஏறி இறங்கி, தள்ளிப்போய்த் திரும்பி வந்தது, நடுவே அவளுடைய "என்ன, சாப்டாச்சா?"வும் கேட்டது. இரண்டு நிமிஷப் பாட்டு. வாழ்க்கையில் ஒருநாளும் பாடாத லிஃப்டக்கா அதில் பாடிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடு என்று விரலால் சுழற்றிக் காட்டினாள். வெளியே விடட்டுமா என்று அவன் கேட்டதற்குக் கட்டைவிரலை உயர்த்தினாள். அதில் யாருக்கும் ஒளிவுமறைவு இல்லை.

அவன் கேட்காமல் விட்டது ஒன்றுதான். கேட்க வேண்டுமென்றே அவனுக்குத் தோன்றவில்லை. அவனைப் போன்றவர்கள் இணையத்தில் ஒரு வட்டமாக இருந்தார்கள். முகம் பார்த்ததில்லை, ஆனால் ஒருவன் செய்ததை இன்னொருவன் எடுத்துத்தான் எல்லாருக்கும் பிழைப்பு. அந்த வட்டத்தில் ஒரு வழக்கம். பாட்டை வெளியிடுகிறவன் அதில் உள்ள துண்டுகளையும், வாத்தியம் கலக்காமல், சுத்தமாக, தனித்தனியாகக் கூடவே வைக்க வேண்டும். அடுத்தவன் அதிலிருந்து வேறொன்று கட்டுவான். வைக்காதவனைக் கஞ்சன் என்பார்கள். தம்பி இத்தனை வருஷம் அப்படி வாங்கியே வளர்ந்தவன். பாட்டில் வந்த வாக்கியங்களை அப்படியே வைத்துவிட்டு, "யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும்" என்ற அனுமதிக் கட்டத்தைத் தொட்டான். தான் கும்பிடுகிற குரல்களோடு அக்கா குரலையும் ஒரே அலமாரியில் வைத்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

யாரோ ஒருவன் எடுத்தான். அடிதடியாக ஒரு தாளம் போட்டு, கதவுகளை அறைந்து சாத்தி ஆடுகிற ஒரு ஆட்டத்தைச் சேர்த்தான். அதை ஒரு பாட்டுக் கம்பெனி வாங்கித் தன் பெயரில் பதிவு செய்தது. கொஞ்ச நாளில் ஆட்டோவில், ஜிம்மில், பள்ளிக்கூட வாசலில் எங்கே பார்த்தாலும் "சாத்திட்டு வாங்க, சாத்திட்டு வாங்க, தூசி தூசி தூசி." நடுவே பாட்டு சட்டென்று நிற்கும். "என்ன, சாப்டாச்சா?" என்று ஒரு பெண் குரல் கேட்கும். மறுபடி இடி இடிக்கும்.

கடையில் முதலில் அதைக் கொண்டுவந்தது காலேஜ் பெண்கள் கூட்டம் ஒன்று. மணி கிணுங்கியது, லிஃப்டக்கா பட்டனைத் தொட்டாள். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, "ஆன்ட்டி, உங்களுக்கும் இந்தப் பாட்டு புடிக்குமா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே தோளை ஆட்டிக் காட்டினாள். லிஃப்டக்காவும் சிரித்தாள். வீட்டுக்காரர் பெருமையாக, அது இவங்க குரல்தான் என்றார். அவர்கள் நம்பவில்லை. கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு, பாவம் என்ற முகத்தோடு ஃப்ரேம் பார்க்கப் போனார்கள்.

அப்புறம் அது தினசரி ஆயிற்று. பட்டனைத் தொட்டால் சிரிப்பு. சிலர் அதைக் கேட்பதற்காகவே கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தார்கள். சாத்தச் சொன்னதும் கைதட்டிவிட்டு, "இன்னொரு தடவ" என்றார்கள். கதவு திறந்தே கிடந்தது. அந்த வாரங்களில் வீட்டுக்காரர் கீறல் விழுந்த லென்ஸ்களைப் பேசாமல் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தார். லிஃப்டக்கா எழுந்து போய்த் தானே கதவைச் சாத்த ஆரம்பித்தாள். ஒரு ஆளுக்கு ஒரு தடவை எழுந்தாள், உட்கார்ந்தாள். போன் கல்லாவின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

ஞாயிறு வீடியோ மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு மகளிடமிருந்து ஒருநாள் இப்படிப் பதில் வந்தது: "அம்மா, சத்தமே வரல. இன்னைக்கு நீ பேசவே இல்லயா?"

போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். தம்பி வந்து பார்த்தான். வீடியோவின் கீழே ஒரு வரி இருந்தது. இதில் வேறொருவருக்குச் சொந்தமான ஒலி இருப்பதால் சத்தம் நீக்கப்பட்டுள்ளது. பழைய வீடியோக்களுக்கும் அதே கதி. ஒவ்வொன்றிலும் அவள் வாயருகே போனைப் பிடித்திருந்தாள், புருவத்தை உயர்த்தினாள், காத்திருந்தாள், சிரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி இப்படி நடந்தால் சேனலையே மூடிவிடுவோம் என்றும் எழுதியிருந்தது. தம்பி கொதித்துப்போய் ஆட்சேபம் அனுப்பினான். பாட்டுக் கம்பெனியிடம் கேட்டோம், அது தங்களுடையதுதான் என்று உறுதி செய்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியது மனுஷனா மெஷினா என்றுகூட அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடையில் கண்ணாடி மாற்றிக்கொள்ளும் வக்கீலம்மா ஒருவர் உண்டு. புது லென்ஸ் வாங்க வந்தவரிடம் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். அவர் ஃப்ரேமை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குரல் அக்காவுடையதுதான், அதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை, ஆனால் முதலில் அது அக்காவின் குரல்தான் என்று காட்ட வேண்டும் என்றார். எப்படிக் காட்டுவது என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பேசிக் காட்டச் சொல்வாங்க."

லிஃப்டில் அவள் குரல் இருக்கிறதே என்றார் வீட்டுக்காரர். லிஃப்ட் கம்பெனி அதை எப்போதோ எடுத்துவிட்டு மெஷின் குரல் போட்டுவிட்டதும், பழைய பதிவு தங்கள் சொத்து, வெளியே தர முடியாது என்று சொல்லிவிட்டதும் கேட்டுப்பார்த்திருந்த தம்பிக்குத் தெரிந்திருந்தது. வக்கீலம்மா இன்னொன்று கேட்டார். பாட்டிலிருந்து எடுத்திருந்தால் வாத்தியமும் சேர்ந்து வந்திருக்குமே, குரல் மட்டும் இவ்வளவு சுத்தமாக அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

தம்பி பிடரியைத் தேய்த்தான். அப்போதுதான் அந்த வழக்கத்தையும் அந்தக் கட்டத்தையும் பற்றிச் சொன்னான். வக்கீலம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். எல்லாருக்கும் என்று எழுதிக் கொடுத்ததை எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்க முடியாது, வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதன் பிறகும் முடிவு எப்படி இருக்குமோ என்றார்.

அவர் போனபின் லிஃப்டக்கா தம்பியைப் பார்த்தபடி போனை நிமிர்த்தினாள். கோபத்துக்கென்று அவள் எதையும் சொல்லிவைக்கவில்லை. "வேணாம்" இருந்தது. சாப்பாடு பரிமாறுகிறவரைத் தடுப்பதற்காகச் சொன்ன, இனிப்பான வேணாம். "போதும்" அதைவிட இனிப்பு. "உங்களுக்கு அறிவிருக்கா?" சிரித்துவிடும். விரல் ஒவ்வொன்றின் மேலும் போய் நின்றுவிட்டுத் திரும்பியது. பலகையை எடுத்து, ஏண்டா என்று எழுதினாள்.

"யாரையும் யாரும் தொடக்கூடாதுன்னா, நான் ஒண்ணுமே பண்ணியிருக்க முடியாதுக்கா" என்றான் அவன். "நான் தொடாத குரல் இல்ல. செத்தவங்க, உயிரோட இருக்கறவங்க, ஊர் பேர் தெரியாதவங்க. எல்லாத்தையும் பூட்டி வெச்சா புதுசா எதுதான் பொறக்கும்? நான் குடுத்தது தப்பில்ல. பூட்டினான் பாரு, அவன்தான் திருடன்."

அவள் எழுதியதை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள். *அவங்கள்ல யாரையாவது கேட்டியா?*

அவன் படித்தான். வீட்டுக்காரர், "மாப்ள, சாப்ட்டுப் போங்க" என்று உள்ளே எழுந்து போனார்.

சில நாள் கழித்து வந்தபோது அவன் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது. பதிலுக்கு ஒரு பாட்டுப் போடலாம் என்றான். அவர்கள் எடுத்துப் பூட்டியதை நாம் திரும்ப எடுக்கலாம். குரல் யாருடையது, என்ன ஆயிற்று என்று அந்தப் பாட்டே சொல்லும். கேட்டால் ஒருத்தனும் சிரிக்க மாட்டான். அவன் சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தப் பாட்டு காதில் விழுகிற மாதிரி இருந்தது. அவன் கைவேலையில் அவளுக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் இதுவரை யாரும் கேட்காத குரல் அதற்கு வேண்டும் என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மைனா இருக்குல்லக்கா. அந்தக் கடைசி மைனா. அது போதும்."

அவள் பலகையைப் பழைய எழுத்து போகத் துடைத்தாள். பிறகு எழுதினாள். *உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற மைனாவை எல்லாம் அழிச்சிடு.*

அழித்தால் அவள் போனில் மட்டும்தான் இருக்கும், போன் கை தவறிக் கீழே விழுந்தால் அதுவும் போய்விடும் என்று அவன் மன்றாடினான். வேறெங்காவது ஒரு பிரதி, யாருக்கும் தெரியாமல், பூட்டி வைக்கிறேன் என்றான். பூட்டி என்ற சொல் அவன் வாயிலிருந்தே வந்ததும் நிறுத்திக்கொண்டான். லேப்டாப்பைக் கல்லாவின் மேல் வைத்துத் திறந்து, அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்தான். கூப்பிடுகிற மைனா, கடிந்துகொள்கிற மைனா, தேடுகிற மைனா. கடைசி ஒன்றின் மேல் வந்து அவன் விரல் நின்றது. அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் முகம் இளகவில்லை. அழுத்தினான்.

அதிலிருந்து கடையில் போன் பேசியது வேறு குரலில். எழுதிக் கொடுத்தால் வாசிக்கிற மெஷின் குரல், எந்த போனிலும் இருப்பது. "கதவை மூடவும்" என்று அது சொல்லும். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் மூடவும் இல்லை. ஞாயிறு வீடியோவில் அந்தக் குரல் "சாப்பிட்டாயா" என்று கேட்டதற்கு மகள், "யாரும்மா அந்தப் பொம்பள, நம்ம வீட்டுக்குள்ள?" என்று எழுதியிருந்தாள். அதற்கப்புறம் லிஃப்டக்கா வீடியோ எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மைனாவின் பிறந்தநாள் ஒரு வேலை நாளில் வந்தது. மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மகளே நேராகக் கூப்பிட்டாள். போன் திரையில் ஏதோ கோளாறென்று பார்க்கவந்திருந்த தம்பி அதைச் சரிசெய்துவிட்டு அக்காவின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அன்றைய சண்டைக்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது, ஆனால் வரவு நிற்கவில்லை. வீட்டுக்காரரின் போனில் மகளின் முகம் வந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. யாரோ தந்த ஒரு தொப்பியைப் போட்டிருந்தாள். அப்பாவிடம் பேசினாள், மாமாவிடம் இளைத்துவிட்டாய் என்றாள். பிறகு போனை அம்மா பக்கம் திருப்பச் சொன்னாள்.

லிஃப்டக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தாழ்ப்பாளும் போட்டாள். தன் போனை எடுத்து, கடைசி பட்டனைத் தொட்டாள்.

"மைனா."

அங்கே மகளின் முகம் அப்படியே நின்றது. லைன் போய்விட்டதோ என்று வீட்டுக்காரர் போனைத் தட்டப் பார்த்தார். லைன் போகவில்லை. மகள் தொப்பியைக் கழற்றினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா," என்றாள். "இன்னொரு தடவ கூப்பிடும்மா."

லிஃப்டக்காவின் கட்டைவிரல் பட்டனுக்கு மேலே போனது. அப்போதுதான் கல்லாவின் மரத்தில் ஒரு மெல்லிய சத்தம் அவள் காதில் பட்டது. திரும்பினாள். தம்பி தலைகுனிந்திருந்தான், கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவனுடைய ஆள்காட்டி விரல் மரத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. தட்டி, ஒரு இடைவெளி விட்டு, மறுபடி தட்டியது. அந்த இடைவெளி சரியாக மைனா என்ற சொல்லின் நீளம். தான் அதைச் செய்துகொண்டிருப்பது அவனுக்கே தெரியவில்லை.

அவள் அந்த விரலைப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா?" என்றது போன்.

கட்டைவிரல் பட்டனைத் தொடாமல் அதன் மேலேயே நின்றது.